உடுத்தினால்தான் தெரியும் குறைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் முடிந்த கையோடு ஜவுளிக் கடைகளிலும் பொட்டிக்குகளிலும் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கிறது. வரவேற்புக்கென்று பெருந்தொகை கொடுத்து வாங்கிய லெஹங்காவையோ, ஆரி வேலை செய்த ரவிக்கையையோ, டிஷ்யூ புடவையையோ பையில் போட்டுக்கொண்டு வரும் வாடிக்கையாளர், ஒரே ஒரு நாள் உடுத்தியதில் இப்படி ஆகிவிட்டது என்று பிரித்துக் காட்டுகிறார். கல்லாவில் இருப்பவரோ துணியைப் பார்ப்பதற்கு முன்பே, "உடுத்திவிட்டீர்களே, இனி எப்படித் திரும்ப எடுப்பது?" என்கிறார். ஒருவர் கொடுத்த விலையைச் சொல்லிச் சண்டையிடுகிறார். மற்றவர் உடுத்தியதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். துணிக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

ஜவுளித் தரச் சோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன். உடுத்திய உடையைத் திரும்பத் தரலாமா, கூடாதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. உடுத்தினால் மட்டுமே வெளிப்படுகிற குறைகள் உண்டு. உடுத்திய விதத்தால் நேர்கிற சேதங்களும் உண்டு. முன்னதற்கு விற்றவர் பொறுப்பு, பின்னதற்கு உடுத்தியவர் பொறுப்பு. இரண்டையும் பிரித்தறிய வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்த வழிகளெல்லாம் பயன்பட வேண்டுமானால், இந்த உடை எவ்வளவு உழைக்கும், எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை விற்கிறவர் விற்கும் நேரத்திலேயே சொல்லி, பில்லில் எழுதியும் தந்திருக்க வேண்டும். அந்த ஒரு வேலைதான் நம் ஊரில் நடப்பதே இல்லை.

முதலில் வாங்குபவர் பக்கத்துக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மூடி வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் நியாயம் கேட்பது முறையாகாது. இணையத்தில் வாங்கிய உடையை, திருப்பி அனுப்பக் கொடுக்கப்பட்ட கெடுவுக்குள் ஒரு விசேஷத்துக்கு உடுத்திக்கொண்டு, விலைச்சீட்டை அறுக்காமல் உள்ளே மடித்துச் செருகி, மறுநாள் 'அளவு சரியில்லை' என்று காரணம் குறித்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று உறவினர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். துணி பார்க்கத் தெரிந்தவரிடம் இந்த வித்தை பலிக்காது. புடவையின் தோள் மடிப்பு வரும் இடத்தில் ஊக்குக் குத்திய துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கொசுவம் செருகிய இடம் கசங்கி, இஸ்திரி போட்டாலும் அடங்காமல் வளைந்து நிற்கும். கரையின் கீழ் விளிம்பில் மண்டபத் தரையின் அழுக்கு கோடு போட்டிருக்கும். ரவிக்கையின் அக்குளில் வாசனைத் தெளிப்பானின் வெள்ளைப் படிவும், கழுத்தோரத்தில் முகப்பூச்சும் ஒட்டியிருக்கும். ஆனால் திரும்பி வரும் பொட்டலங்களை மலைமலையாகப் பிரிக்கும் இடத்தில் அவ்வளவு நிதானமாகப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் புடவை மறுபடியும் மடிக்கப்பட்டு, உறை மாற்றப்பட்டு, வேறொரு வீட்டுக்குப் புதுப்புடவையாகப் போய்ச் சேர்கிறது. அங்கே ஊக்குத் துளையைக் கண்டு புகார் செய்கிற அப்பாவியைப் பார்த்து, நீங்கள்தான் உடுத்தியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறார்கள். கடைக்காரரை ஏமாற்றியதாக நினைத்தவர் உண்மையில் ஏமாற்றியது இந்த முகம் தெரியாத பெண்ணைத்தான். ஒரு நாள் கூத்துக்குத்தான் உடை வேண்டும் என்றால், இப்போது எல்லா நகரங்களிலும் லெஹங்காவும் ஷெர்வானியும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதற்குரிய காசைக் கொடுத்து எடுத்துக்கொள்வதே கண்ணியம்.

இந்தப் பழக்கத்துக்கு நாம் மட்டும் சொந்தக்காரர்கள் அல்லர். அமெரிக்காவின் புளூமிங்டேல்ஸ் கடைகள் 2013-ஆம் ஆண்டில், 150 டாலருக்கு மேல் விலையுள்ள உடைகளின் அடிவிளிம்பு போன்ற, பிறர் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் அட்டையை மாட்டின. அதைக் கழற்றினால் உடையைத் திருப்ப முடியாது. கழற்றாமல் விருந்துக்குப் போகவும் முடியாது. அதே நாட்டில் மெய்ன் மாநிலத்தில் 1912-இல் தொடங்கப்பட்ட எல்.எல்.பீன் நிறுவனத்தின் கதை இன்னும் பொருத்தமானது. அதன் நிறுவனர் முதலில் விற்ற 100 ஜோடி வேட்டைக் காலணிகளில் 90 ஜோடி, தோல் பகுதியும் ரப்பர் பகுதியும் பிரிந்துபோனதால் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலணியைத் திருத்தி மறுபடி விற்றார் என்பது அந்த நிறுவனம் பெருமையோடு சொல்லும் வரலாறு. எத்தனை காலம் பயன்படுத்திய பிறகும் திருப்தி இல்லையென்றால் திருப்பித் தரலாம் என்ற அந்த ஏற்பாடு 2018 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. பழைய சாமான் விற்குமிடத்தில் வாங்கியதையும், பல ஆண்டு உடுத்தித் தேய்ந்ததையும் கொண்டுவந்து புதிது கேட்டவர்களால் நேர்ந்த முடிவு அது; இப்போது ஓராண்டுக் கெடுவும் வாங்கியதற்கான சான்றும் கேட்கிறார்கள். ஆனால் அந்த முதல் 90 ஜோடிகளும் காலில் போட்டு நடந்த பிறகுதான் திரும்பி வந்தன என்பதை நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். நடந்து பார்க்காமல் அந்தக் குறை தெரிந்திருக்கவே முடியாது.

இனி, கடைக்காரர் பக்கம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது', 'சாயத்துக்கும் ஜரிகைக்கும் கியாரண்டி இல்லை' என்ற பலகைகளையும், பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அதே வாசகங்களையும் பார்த்துப் பழகிப்போன நாம், அதுதான் சட்டம் என்று நம்பிவிட்டோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிப்பிடவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். உடுத்தாத பொருளுக்கு மட்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. பில் தர மறுப்பதும் அதே பிரிவின் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். இணைய வணிகத்துக்கென 2020-இல் வந்த விதிகளும், குறைபாடுள்ளதையும் விளம்பரத்தில் காட்டியபடி இல்லாததையும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன. அதே சமயம், நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குத் திருப்தியில்லை என்பதற்கெல்லாம் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. அந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அது அவர் பெருந்தன்மை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார் என்கிறது அது. கடைக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டும் இடம் இதுதான். ட்ரையல் ரூமில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதில் கொக்கி சரியாக இருக்கிறதா, கை இறுக்குகிறதா, கல் எங்காவது விழுந்திருக்கிறதா என்பவை தெரியும். பார்த்தும் அவற்றைக் கவனிக்காமல் வாங்கினால் வாங்கியவர் பாடு. ஆனால் குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் வியர்ப்பதில்லை, யாரும் பந்தியில் உட்கார்ந்து எழுவதில்லை. அங்கே தெரிய வாய்ப்பே இல்லாத குறைகள் இந்த விலக்குக்குள் வரமாட்டா. இந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதை நிராகரிக்கும் உரிமை போய்விடும், இழப்பீடு மட்டுமே கேட்கலாம், உடுத்துவதை ஏற்பு என்று வாதிட அது இடம் கொடுக்கிறது. 'உடுத்திவிட்டீர்களே' என்ற பேச்சு அந்தப் பழைய சட்டத்தின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன்.

உடுத்தினால்தான் தெரியும் குறைகள் என்று சொன்னேன். அவற்றில் முதலிடம் வியர்வைக்குக் கரையும் சாயத்துக்கு. பொன்னிறப் புடவைக்கு அடர்சிவப்பு ரவிக்கை உடுத்தி, முகூர்த்தம் முடிவதற்குள் முந்தானையிலும் உள்ளாடையிலும் சிவப்பு இறங்கிவிட்ட கதை பல வீடுகளில் உண்டு. 'அதிகம் வியர்க்கும் உடம்பு போலிருக்கிறது' என்று கடையில் சொல்வார்கள். சோதனைக் கூடத்தில் இதற்கு உடம்பு தேவையில்லை. அமிலத்தன்மை உள்ளதும் காரத்தன்மை உள்ளதுமாக இரண்டு செயற்கை வியர்வைக் கரைசல்களைத் தயாரித்து, துணியின் ஒரு துண்டோடு ஆறு வகை இழைகள் பக்கம் பக்கமாக நெய்யப்பட்ட வெள்ளை நாடாவைச் சேர்த்துத் தைத்து, கரைசலில் நனைத்து, பாரம் ஏற்றி, உடல் சூடான 37 டிகிரியில் 4 மணி நேரம் வைப்போம். பிறகு எந்த இழையில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் சாயம் சற்றும் இறங்கவில்லை. இந்தச் சோதனைக்கு வேண்டிய துணி உள்ளங்கை அகலம்தான். அதேபோல, வெள்ளைத் துணி சுற்றிய ஒரு முனையால் 10 முறை முன்னும் பின்னும் தேய்த்து, உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் எளிய கருவியும் உண்டு. திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடை இந்தச் சோதனைகளைக் கடக்காமல் கப்பல் ஏறுவது அரிது. அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள டிசைனர் ரவிக்கைத் துணியை நம் பொட்டிக்குகளில் யாராவது ஒரு முறை சோதித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அடுத்தது தையலோரம் பிளப்பது. இதில்தான் துணிக்கடைக்காரர் தையல்காரரையும், தையல்காரர் துணிக்கடைக்காரரையும், இருவரும் சேர்ந்து உடுத்தியவரின் பருமனையும் குறை சொல்வது வழக்கம். பிளந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். தையல் நூல் அறுந்து, துணி இருபுறமும் ஒழுங்காக இருந்தால் குறை தையலில்: நூல் மட்டமானது, அல்லது தையல் இடைவெளி அதிகம். தையல் நூல் அறாமல் அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் துணியின் இழைகள் ஏணிப்படி போல விலகி, பாவு (நெடுக்கு இழை) மட்டுமோ ஊடை (குறுக்கு இழை) மட்டுமோ இடைவெளியில் நின்றால் அது இழை நழுவுதல். வழுவழுப்பான இழையில் அடர்த்தி குறைவாக நெய்த சாட்டின், ஆர்கன்சா, மெல்லிய பட்டு ஆகியவற்றில் இது நேர்கிறது. தையலின் ஓரத்தில் 6 மில்லிமீட்டர் இடைவெளி விழ எவ்வளவு இழுவிசை தேவைப்படுகிறது என்று இயந்திரத்தில் இழுத்து அளப்பார்கள். குறைந்த விசையிலேயே விலகினால் அந்தத் துணி இறுக்கமான ரவிக்கைக்கே லாயக்கில்லாதது. ரவிக்கைத் துணி என்று சொல்லி அதை விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். (உள்ளே கால் அங்குலம்கூடத் துணி விடாமல் வெட்டித் தைத்திருந்தால் தையல்காரருக்கும் அதில் பங்குண்டு.) தையலை விட்டுத் தள்ளி, முதுகின் நடுவிலோ கையிலோ துணியே குறுக்காகக் கிழிந்திருந்தால், அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது எதிலோ மாட்டி இழுத்திருக்கிறார்கள், அதற்குக் கடைக்காரரைக் கேட்பது நியாயமில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கல்லாவில் இருப்பவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

டிஷ்யூ புடவையின் விஷயம் வேறு. உறவுக்காரப் பெண் ஒருவர் வளைகாப்புக்கு உடுத்திய டிஷ்யூ புடவை, சில மாதம் பீரோவில் இருந்து வெளியே எடுத்தபோது மடிப்புக் கோட்டின் வழியே பிளந்திருந்தது. கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டாமா, உருளையில் சுற்றி வைக்க வேண்டாமா என்று விற்பனையாளர் கடிந்துகொண்டாராம். ஊடையாக ஓடும் உலோக இழை ஒரே இடத்தில் மடிந்தே கிடந்தால் முறியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை விற்கும்போது சொல்லவில்லை, உறைமேல் எழுதவுமில்லை. பிளந்த பிறகு சொல்கிறார். என் கணக்கில் இது வாங்கியவரின் அஜாக்கிரதை ஆகாது. தெரிந்தே சொல்லாமல் விட்ட எச்சரிக்கையின் விலையை விற்றவர்தான் ஏற்க வேண்டும்.

கல்லும் சமிக்கியும் உதிர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலில் கோத்துத் தைத்தது ஒரு ரகம், பசையில் ஒட்டிச் சூடு காட்டியது இன்னொரு ரகம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விலையும் சில கடைகளில் ஒன்றாகவே இருக்கும். ஆனால் 'டிரை வாஷ் மட்டும்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு சீட்டைத் தைத்துவிட்டுக் கைகழுவும் வழக்கத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். உலர்சலவையில் பயன்படும் கரைப்பான்கள் சில பசைகளை இளக்கிவிடும். சிலவகைப் பிளாஸ்டிக் சமிக்கிகளை உருக்கிச் சுருட்டிவிடும். சீட்டில் சொன்னபடியே சலவைக்குக் கொடுத்து, உடை பாழாகி வந்தால், சலவைக்காரர் மீது பழி விழுகிறது. தண்ணீரில் நனைத்தும் பார்க்காமல், கரைப்பானில் நனைத்தும் பார்க்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று தைத்த சீட்டு அது.

இவ்வளவு சொன்ன பிறகு, வாங்குபவர்களின் எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன், நாலு வருடமாவது உழைக்க வேண்டாமா என்ற கேள்வி இயல்பானது; ஆனால் விலைக்கும் உழைப்புக்கும் நேரான கணக்கு எதுவும் இல்லை. ஆரி வேலையில் பல நாள் குனிந்து உட்காரும் கைகளின் கூலி, வடிவமைத்தவரின் பெயர், கடை வாடகை, விளம்பரம் எல்லாம் சேர்ந்ததுதான் டிசைனர் உடையின் விலை. துணிக்கென்று அதில் போவது சிறு பங்கே. பாட்டியின் காஞ்சிபுரம் கூறைப்புடவை இன்னும் இருக்கிறதே என்பார்கள். அது முறுக்கேற்றிய பட்டு நூலைப் பாவிலும் ஊடையிலும் போட்டு நெருக்கமாக நெய்த புடவை, கனமானது, வருடத்தில் சில நாட்களே வெளியே வந்து, நிழலில் காய்ந்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போனது. இன்று கடைக்குள் நுழைந்ததும் நாம் சொல்லும் முதல் வார்த்தை 'வெயிட்லெஸ்ஸா காட்டுங்க' என்பது. மெல்லிய இழையும் தளர்ந்த நெசவும் இல்லாமல் கனம் குறையாது. அவை இருந்தால் பழைய உழைப்பும் இருக்காது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரையையும் பலர் உழைப்புக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். இழை அசல் பட்டு என்பதற்கு மட்டுமே அது சான்று. அசல் பட்டும் வியர்வையாலும் வெயிலாலும் வாசனைத் தெளிப்பானாலும் நலியும்.

ஆகவே, ஒரு நாள் வரவேற்பில் ஜொலிக்க மட்டுமே செய்யப்பட்ட உடையை விற்பதில் தவறில்லை. அதை அப்படிச் சொல்லி விற்க வேண்டும். இங்கேதான் நம் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. முன்பு சொன்ன 2(47)-ஆம் பிரிவு, தகுந்த சோதனை எதுவும் செய்யாமல் ஒரு பொருளின் ஆயுளைப் பற்றி உத்தரவாதம் அளிப்பதையும் நேர்மையற்ற வணிகம் என்கிறது; சோதித்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அப்படிச் சொன்னவர் தலையிலேயே வைக்கிறது. 'ஆயுளுக்கும் கருக்காத ஜரிகை' என்று விளம்பரம் செய்பவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் எதுவும் சொல்லாமல் வாய்மூடி விற்பவருக்கு இந்தப் பிரிவால் எந்தச் சிக்கலும் இல்லை. குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் தரம், அளவு, வீரியம், தூய்மை என்றெல்லாம் இருக்கிறதே தவிர, எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்லப்படவில்லை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருளின் தரத்தை எடைபோடும்போது பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக நீடித்து உழைப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அங்கே முதல் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளை நிராகரித்துப் பணத்தைப் பெறலாம். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்டுவது கடைக்காரர் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் உழைப்புத்திறன் இடம்பெற்றிருக்கிறது. அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறு பொட்டிக் நடத்தும் பெண்கள் பலர் அந்தச் சுமையைத் தாங்க மாட்டார்கள்.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட விசேஷ உடைகளுக்கு, துணி எந்த இழை, கல்லும் சமிக்கியும் தைத்ததா ஒட்டியதா, வியர்வைக்கும் உராய்வுக்கும் சாயம் பெற்ற மதிப்பெண் என்ன, சோதித்துப் பார்த்த சலவை முறை எது, எப்படி மடித்து வைப்பது என்ற விவரங்களைத் தமிழில் பில்லோடு எழுதித் தர வேண்டும் என்று மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறை வணிகர்களோடு பேசி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவரலாம். சோதிக்கவில்லை என்றால், சோதிக்கவில்லை என்றே எழுதட்டும். வாங்குபவர் அதைப் படித்துவிட்டு விலை பேசிக்கொள்வார். கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் ஜவுளிக் குழுவின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு ரகத் துணிக்கு ஒரு முறை சோதித்தால் அந்தத் துணிச்சுருள் முழுவதற்கும் அது போதும். ரவிக்கை ரவிக்கையாகச் சோதிக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுக்கும் கடைக்காரருக்கு இதில் பாதுகாப்பும் உண்டு. எச்சரித்ததை மீறி நனைத்தவர் வந்து சண்டையிட்டால் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்கும்.

பில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஆயத்த ஆடைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. 'பில் வேண்டாமென்றால் வரி இல்லாமல் தருகிறோம்' என்ற பேச்சு முன்பைவிட இப்போது இனிப்பாகத்தான் ஒலிக்கும். அதற்கு மயங்கி வாங்குபவர், மேலே சொன்ன எல்லா உரிமைகளையும் அந்த 18 விழுக்காட்டுக்கு விற்றுவிடுகிறார். பிறகு கடைக்காரர் 'எங்கள் கடைத் துணியே இல்லை' என்றாலும் மறுத்துப் பேச ஒன்றுமிருக்காது.

கடைக்காரர் மறுத்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகும் தீராதவர்கள் இரண்டாண்டுக்குள், தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. சோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், உடையை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கும். அதற்கான செலவை முன்கூட்டிக் கட்டச் சொல்லலாம். இப்படிப்பட்ட உடைகளைச் சோதிக்க நேர்ந்தபோதெல்லாம் எங்களுக்குப் பெருந்தடையாக இருந்தது ஒன்றுதான்: கறையும் சாயமும் பிளவும் தெரிந்த உடனே பதறிப்போய் உடையை நனைத்து, தேய்த்து, வேறொரு தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துவிடுகிறார்கள். அதன்பின் முதலில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. குறை கண்ட அன்றே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, துவைக்காமல் தாளில் சுற்றி வைத்திருப்பது போதும். ரவிக்கை தைத்தவரிடம் வெட்டியது போக மிஞ்சிய துண்டுத் துணியையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வியர்வைச் சோதனைக்கும் உராய்வுச் சோதனைக்கும் அதுவே தாராளம், உடையில் கத்தரி வைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஜவுளித் தரச் சோதனையாளர்,
கோயம்புத்தூர்.